குளியலறைச் சுவரின் பச்சை

5 ஜூன் 2018, செவ்வாய்

சமையலறைச் சுவருக்கு இரண்டாவது பூச்சும் முடிந்தது. பழுத்த பப்பாளியை வெட்டினால் தோலை ஒட்டி ஒரு மஞ்சள் இருக்குமே, அந்த மஞ்சள். கடைக்காரரின் வண்ண அட்டையில் அது இல்லை. பாதிப் பழத்தைக் கொண்டுபோய் அவர் மேசைமேல் வைத்து, "இது வேணும்" என்றேன். அரைமணி நேரம் கலந்து கலந்து பார்த்தார். வந்துவிட்டது.

படுக்கையறைத் திரைக்கு பஸ் இருக்கையின் கோடுகள். ஜன்னலோர இருக்கையில் வெயில் பட்டு நீலம் சாம்பலாகியிருக்கும், சிவப்பு வெளுத்திருக்கும். புது இருக்கையைவிட அதுதான் அழகு. தலையணை உறைகளுக்கு வெந்த சேப்பங்கிழங்கின் ஊதா. ஊரில் மற்றவர்கள் ஆக்லாந்துப் பத்திரிகைகளைப் புரட்டிவிட்டு என்னிடம் வருகிறார்கள், எந்த நிறம் அடிக்கலாம் என்று. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு சந்தைக்குப் போய் வா என்பேன். இந்த ராரோதொங்கா தீவில் பாதி விருந்தினர் விடுதிகளுக்கு நிறம் சொன்னது நான்தான். ஒரு நிறத்தைப் பார்த்தேனென்றால், எங்கே பார்த்தேன் என்பதை மறக்கவே மாட்டேன்.

மிச்சம் குளியலறை மட்டும். கல்யாணமாகி இருபத்தேழு வருஷம் கழித்து வீட்டுக்குள்ளேயே குளியலறை, அதுவும் வெந்நீரோடு. நோரோவா தன் கையாலேயே சுவர் எழுப்பிவிட்டார். என் புருஷனை ஒரு தடவையாவது இந்த நோட்டில் புகழ்ந்து எழுதியாக வேண்டும். எழுதியாயிற்று.

9 ஜூன், சனி

குளியலறைக்கு ஒரு நிறம் தலைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. இளநீர் வழுக்கைக்கு வெளியே ஓடு தொடங்கும் இடத்தில் தெரியுமே, அப்படி ஒரு வெளுத்த பச்சை. அதில் நாலு இதழ் வெள்ளைப் பூ, பூவைச் சுற்றி மெல்லிய பழுப்புக் கோடு. ஒரு பூ நேராக, அடுத்தது சாய்ந்து. வரைந்து பார்த்தேன். கை தானாகப் போகிறது.

ஆனால் எங்கே பார்த்தேன்?

11 ஜூன், திங்கள்

தேடிப் பார்த்தாயிற்று. சந்தையில் துணிக்கடை, மீன்காரர் தொட்டி, ஆஸ்பத்திரி வராந்தா, பள்ளிக்கூடத்துக் கதவு. எங்கும் இல்லை. எனக்கே என்மேல் எரிச்சலாக வருகிறது. வயசாகிவிட்டதா?

எதிர்வீட்டுத் துவாய்னே இருந்தால் அவளிடம் கேட்டிருப்பேன். ஞாயிறு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து சிநேகிதி. மகளுக்குப் பிரசவம் என்று அயிட்டுட்டாகி தீவுக்குப் போனவள் அடுத்த மாதம்தான் வருவாள். அவள் இல்லாமல் தெருவே ஒரு மாதிரி இருக்கிறது.

14 ஜூன், வியாழன்

கிடைத்துவிட்டது!! கட்டுமானச் சாமான் கடையில் நான் வரைந்த படத்தை நீட்டினேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, "இது எங்கிட்டயே இருக்கே" என்று பின்பக்கக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். தூசி படிந்த பதினோரு பெட்டி. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் கப்பலில் வந்த டைல்ஸாம். "ஒருத்தர் மட்டும் கொஞ்சம் வாங்கினாரு. யாருன்னு ஞாபகம் இல்ல. மிச்சம் அப்படியே கெடக்கு. எடுத்துட்டுப் போனா எனக்கு எடமாவது மிச்சம்."

துடைத்துப் பார்த்தேன். அதே பச்சை, அதே நாலு இதழ், அதே பழுப்புக் கோடு. பதினோரு பெட்டியையும் வண்டியில் ஏற்றச் சொன்னேன்.

25 ஜூன், திங்கள்

கொத்தனார் தங்கி அண்ணன் டைல்ஸ் ஒட்ட வந்தார். பெட்டியைத் திறந்தவர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"துவாய்னேகிட்ட சொல்லிட்டியா?"

"அவகிட்ட எதுக்கு? வீடு திறக்கிற அன்னிக்கு வந்து பார்த்துக்கட்டும்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் கலவை குழைக்கத் தொடங்கினார். இந்த மனுஷன் எப்போதும் இப்படித்தான்.

5 ஜூலை, வியாழன்

எழுத்து கோணல்மாணலாகப் போகிறது.

காலையில் நோரோவாவின் அக்கா கிமியோரா வந்தாள். பப்பாளி மஞ்சளுக்கு உதட்டைப் பிதுக்கினாள். திரைச்சீலைக்கு, "பஸ்ல படுத்துத் தூங்குற மாதிரி இருக்கும்" என்றாள். குளியலறைக் கதவைத் திறந்தவள் அப்படியே பின்னால் நகர்ந்து என் காலை மிதித்துவிட்டாள்.

"ஐயோ தெய்வமே! மிரியாமா, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க?"

"ஏன் அண்ணி, பூ பிடிக்கலையா?"

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று சமையலறைக்கு இழுத்துப்போய், பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு மேலே இருக்கிற ஜன்னலுக்கு நேராக என் தலையைத் திருப்பினாள். "பாரு. நல்லா கண்ணைத் தொறந்து பாரு."

ரோடு. ரோட்டுக்கு அந்தப்பக்கம் துவாய்னே வீட்டு முற்றம். முற்றத்தில், ஊரில் எல்லார் வீட்டிலும் போல, ஒரு கல்லறை. அவள் புருஷன் மெட்டுவாவுடையது.

வெளுத்த பச்சை. நாலு இதழ் வெள்ளைப் பூ. ஒன்று நேராக, ஒன்று சாய்ந்து.

அதே நாள், சாயங்காலம்

மெட்டுவா செத்த நாளிலிருந்து ஆறு வருஷமாகத் தினமும் அந்த ஜன்னலில் நிற்கிறேன். காலையில் மெட்டுவாவுக்குக் கையசைத்துவிட்டுத்தான் அடுப்பையே மூட்டுவேன். கல்லறையைப் போய் நிறமென்று யாராவது பார்ப்பார்களா? நான் பார்த்தது மெட்டுவாவை. கண் பாட்டுக்கு டைல்ஸைப் பார்த்து உள்ளே வைத்துக்கொண்டது போலிருக்கிறது. இதைச் சொன்னால் நம்புவார்களா? நானே நம்பமாட்டேனே! மறக்கவே மாட்டேன் என்று பீற்றிக்கொண்ட வாய் இது.

கிமியோரா போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: "சின்ன வயசுல அவன்கூட ஆடினவதானே நீ. உசுரோட கெடைக்கல, இப்ப குளிக்கிற எடத்துல கொண்டுவந்து வச்சிட்டியாக்கும்."

ஒரே ஒரு நடனம். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால். அதுவும் என் காலை மூன்று தடவை மிதித்தான்.

6 ஜூலை, வெள்ளி

தங்கி அண்ணனைத் தேடிப்போய் எல்லாவற்றையும் பெயர்த்துவிடச் சொன்னேன். அந்தக் கல்லறைக்கு ஒட்டியவரும் அவர்தானாம்!

"தெரிஞ்சும் ஏண்ணே சொல்லல?"

"நிறத்துக்குப் பேர் போனவ நீ. தெரியாமயா செய்வன்னு நெனச்சேன். துவாய்னேகிட்ட சொல்லிட்டியான்னும் கேட்டேனே."

"சரி, இப்ப உடைச்சிடுங்க."

"ஒட்டச் சொன்னா ஒட்டுவேன். அந்தப் பூவைச் சுத்தியலால அடிக்க என் கை வராது. வேற ஆளைப் பாரு."

வேறு ஆள் யார்? இரண்டு பேரைக் கேட்டேன். இரண்டு பேரும் முதுகுவலி என்றார்கள்.

நோரோவாவும் அக்கா சொன்ன பிறகுதான் கவனித்தாராம், இன்னும் ஒருமுறைகூட அங்கே குளிக்கவில்லை. வெளியே வாளியைத் தூக்கிக்கொண்டு போகிறார். "மெட்டுவா பார்த்துக்கிட்டே இருக்கிற மாதிரி இருக்கு" என்கிறார். சந்தையில் நான் போனதும் பேச்சு நின்றுபோகிறது.

10 ஜூலை, செவ்வாய்

துவாய்னே விமானத்தில் வந்து இறங்கிவிட்டாள். ரோட்டைக் கடக்க மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் பஸ் வருகிறதென்று திரும்பிவிட்டேன். ஒரு மணிக்கு ஒரு பஸ் வருகிற ரோடு.

சனிக்கிழமை வீடு திறப்பு. போதகர் வந்து அறை அறையாக ஜெபம் செய்வார், ஊரே பின்னால் வரும். ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வேன்? இந்தத் தீவில் எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். எதிர் எதிர் வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் சாவதா?

11 ஜூலை, புதன்

சொல்லிவிட்டேன். அவள் கல்லறையைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டிருந்தாள். பேத்தி படத்தைக் காட்ட வந்தவளைத் தடுத்து, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவாள் என்று நினைத்தேன். துடைப்பத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"எத்தனை சுவர்டி?"

"மூணு."

"எவ்வளவு ஒயரம்?"

"என் தலைக்கு மேல ஒரு சாண்."

"ஜன்னல் இருக்கா?"

"இருக்கு. மலைப்பக்கம்."

துடைப்பத்தைக் கீழே போட்டாள். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பகலில் யாரும் கதவைச் சாத்தாத தெரு இது. நான் துடைப்பத்தை எடுத்து மிச்சத்தைப் பெருக்கினேன். வேறென்ன செய்வது?

எதற்கு அளவு கேட்டாள்? ஒன்றும் புரியவில்லை.

13 ஜூலை, வெள்ளி

அவள் கதவு இன்னும் சாத்தியே இருக்கிறது.

14 ஜூலை, சனி

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். பன்றி, சேப்பங்கிழங்கு, கீரை எல்லாம் மண்ணில் குழி தோண்டிய அடுப்பில் வெந்துகொண்டிருந்தன. போதகர் சமையலறையை ஆசீர்வதித்தார், படுக்கையறையை ஆசீர்வதித்தார். ஒவ்வோர் அறைக்கும் ஒரு பாட்டு. குளியலறைக் கதவைத் திறந்ததும் அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். பாட்டு பாதியில் நின்றது. கிமியோரா மட்டும் தொண்டையைக் கனைத்தாள்.

"வழி விடுங்க." பின்னாலிருந்து துவாய்னே.

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. வந்தவள் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். அறையப்போகிறாள் என்றே நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது அவள் சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பூவை நான்தான்டி எடுத்தேன்."

"கல்லறைக்கா?"

"கல்லறைக்கு யாரு எடுத்தா? எனக்கு. என் பாத்ரூமுக்கு. கப்பல்ல வந்த அன்னிக்கே போயி எட்டுப் பெட்டி வாங்கினோம். அடுத்த மழைக்குள்ள கட்டிடறேன்னான். பன்னெண்டு வருஷம் பெட்டி வீட்டுக்கு அடியில கெடந்துச்சு. கோழி அதுமேல முட்டை விட்டுச்சு. நான் தகரத் தட்டிக்குப் பின்னால வாளியில குளிச்சேன். மீன் பிடிக்கப் போவான், கயிறு இழுக்கிற போட்டிக்குப் போவான், ஊர்ல எல்லார் வீட்டுக்கும் கூரை போட்டுக் குடுப்பான். என் சுவரு மட்டும் நாளைக்கு, நாளைக்கு. ஒருநாள் செத்தும் போயிட்டான்."

அவள் விரல் ஒரு பூவின் கோட்டைச் சுற்றி வந்தது.

"அடக்கம் பண்ணி முடிஞ்சதும் தங்கியைக் கூப்பிட்டேன். அத்தனையையும் அவன் மேலயே ஒட்டுன்னேன். நீயே படுத்துக்கடா இதுல! அவ்வளவு கோவம் எனக்கு. மறுநாள் ஊரே வந்து நிக்குது, ஆகா, என்ன பாசம்னு. போதகர் பிரசங்கத்துலயே சொன்னாரு. நான் என்ன சொல்றது, சொல்லு?"

கழிப்பறை மூடிமேல் உட்கார்ந்துவிட்டேன். ஆறு வருஷம். அந்த அழகான கல்லறையைக் காட்டி நோரோவாவிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், பாருங்கள் ஒருத்தி புருஷன்மேல் வைத்திருக்கிற அன்பை என்று! தெருவின் அந்தப்பக்கத்தில் வாளியைத் தூக்கிக்கொண்டு போகிறவளைப் பார்க்கவே இல்லையே நான். வெட்கமாக இருந்தது. அழுதேன். அவளும் அழுதாள். அழுதுகொண்டே இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் பெரிய கொடுமை. வெளியே என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுபோன பாட்டை மறுபடி தொடங்கிவிட்டார்கள்.

அவள் குழாயைத் திருகி, விரலை நீட்டிக் காத்திருந்தாள்.

"சுடுதண்ணி வருதுடி."

"வரும்."

"இப்படித்தான் இருந்திருக்கும்போல" என்று மூன்று சுவரையும் ஒருமுறை பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். "வாங்க ஐயா, ஜெபம் பண்ணுங்க. டைல்ஸ் நான் எடுத்துக் குடுத்ததுதான். நல்லா இருக்குல்ல?"

கிமியோரா அடுப்பைப் பார்க்கவென்று வெளியே நழுவினாள். போதகர் மிக நீளமாக ஜெபம் செய்தார்.

15 ஜூலை, ஞாயிறு

நோரோவா உள்ளே குளித்தார். கோயிலுக்குப் போகும்போது தலையெல்லாம் சோப்பு வாசனை. 

4 ஆகஸ்ட், சனி

இது மூன்றாவது சனிக்கிழமை. சாயங்காலம் ஐந்து மணிக்குத் துவாய்னே தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, தெருவே பார்க்க ரோட்டைக் கடந்து வருகிறாள். வணக்கம்கூடச் சொல்வதில்லை, நேராக உள்ளே. தாழ்ப்பாள். அப்புறம் ஒரே பாட்டு.

இன்றைக்கு ஒரு மணி நேரமாகிவிட்டது. வலை இழுத்துவிட்டு உப்பும் மணலுமாக வந்த நோரோவா குளிரில் நடுங்கிக்கொண்டு கதவருகே நிற்கிறார். கடைசியில் மெதுவாகத் தட்டினார்.

"அக்கா... தண்ணி தீர்ந்துடும்."

பாட்டு நின்றது.

"பதினெட்டு வருஷம் நான் நின்னேன் தம்பி. நீ பத்து நிமிஷம் நில்லு."

நோரோவா அடுப்பில் ஒரு பானை தண்ணீர் வைத்தார். தனக்கல்ல, அவளுக்காம், போதாமல் போய்விடக் கூடாதென்று.