நோட்டில் திருத்திய காய்ச்சல்

அக்கா,

உன் மேல் கடும் கோபத்தில் எழுதுகிறேன்.

என் ரத்தப் புற்றுக்குப் புது மருந்தைச் சோதிக்கும் டாக்டர்கள் தந்த நோட்டில், நேற்று சாயங்காலக் காய்ச்சலை 38.6 டிகிரி செல்சியஸ் என்று எழுதினேன். நீ வெள்ளை மை பூசி, காய்ச்சலே இல்லாத 36.8 ஆக்கியிருக்கிறாய். இன்று காலை ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரே பார்வையில் பிடித்துவிட்டார்.

“இது யாரு கைவண்ணம், தம்பி?”

“எங்க அக்கா. காய்ச்சல்னா மருந்த நிறுத்திடுவீங்கன்னு பயந்துட்டா.”

“நிறுத்தினாலும் நிறுத்துவோம். மறைச்சா ஆளே போயிடுவீங்க.”

அந்த நோட்டில் எதையும் அழிக்கக் கூடாது. பிழையும் தெரிய வேண்டும். உன் எண்ணின் மேல் ஒரே கோடு இழுத்து, பக்கத்தில் 38.6 எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன்.

ஆலைகளில் வெப்பமானிகளைச் சரிபார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். என் உயிருக்காகக்கூடப் பொய் எண் எழுத மாட்டேன். எனக்குப் பிறகு இதே மருந்தை ஏற்றிக்கொள்ளப் போகிறவன் அந்த எண்ணைத்தான் நம்புவான்.

மருந்து தொடருமா என்று நாளைக் காலை சொல்வார்கள். நிறுத்தினால், அடுத்து என்ன இருக்கிறது என்று கேட்பேன். பதில் வரும்வரை நாற்காலியை விட்டு எழமாட்டேன்.

நீயும் வந்து பக்கத்தில் உட்கார். தனியாக உட்கார எனக்குப் பிடிக்கவில்லை. பேனா மட்டும் கொண்டுவராதே.

உன் தம்பி