இழுவைப் பெட்டி

மச்சான்,

உன் வெட்டு மேசையின் மேல் மூன்று வாரமாக ஒரு கறுப்புப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. சோப்புப் பெட்டி அளவுதான். இரண்டு பக்கமும் ஒயர் நீட்டிக்கொண்டிருக்கிறது. உன் பெண்சாதி செல்வி துணி வெட்டும்போதெல்லாம் அதை எடுத்து ஜன்னலில் வைப்பாள். வெட்டி முடித்ததும் பழையபடி மேசைக்கே கொண்டுவந்துவிடுவாள். என் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டுமாம். இன்று காலை கடையைத் திறந்ததும் அதைக் கையில் எடுத்தேன். புது பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறியது. புதுத் துணிப் பண்டல் வந்தால் நான் மோந்து பார்த்துக் கிறங்குவேன், நீ மூக்கைச் சுளிப்பாய். "புதுசுல எல்லாந்தான் வாசனையா இருக்கும் பாய். ரெண்டு தொவை தொவச்சிட்டு சொல்லு" என்பாய். அந்தக் குரல் அப்படியே கேட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நடுவில் யாராவது சட்டை கேட்டு வந்தால் எழுந்து போய்விட்டு வருவேன், கோபித்துக்கொள்ளாதே.

பெட்டி என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பிரித்துப் பார்க்க நீ வந்தாலும் வந்துவிடுவாய். இது வண்டி இஞ்சினின் சக்தியைக் கூட்டுகிற பெட்டியாம். இஞ்சினில் ஒரு சென்சார் இருக்கிறது. அதன் ஒயரைப் பிடுங்கி, நடுவில் இதைச் சொருகிவிட்டால் டீசல் கொஞ்சம் தாராளமாகப் போகும், இழுவை ஏறும். சேலத்தில் வேலை பார்க்கும் என் பையன் ரஃபீக் வாங்கிவந்தான். "மெக்கானிக்கே வேணாம் அத்தா. நீங்களே மாட்டிக்கலாம். பத்து நிமிஷ வேலை" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான். அந்தப் பத்து நிமிடம் அவனிடம் இல்லை.

இழுவை எதற்கு என்று கேட்பாய். நம் வியாழக்கிழமைப் பயணத்துக்குத்தான்.

நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. நெஞ்சு வலி என்று சொன்ன அன்றைக்கே போனவன் நீ. கடையின் முன்பக்கம் என் ரெடிமேட், பின்பக்கம் உன் மெஷின் என்றுதானே இத்தனை காலம் இருந்தோம். இப்போது உன் மெஷினில் செல்வி உட்கார்ந்திருக்கிறாள். உன்னைவிட நன்றாகவே தைக்கிறாள், கழுத்து வெட்டில் உன்னைவிடத் துணிச்சல். வியாழக்கிழமையானால் நான் வண்டியின் பின்சீட்டைக் கழற்றிவிட்டு, துணி மூட்டைகளையும் அவள் தைத்த ஜாக்கெட்டுகளையும் ஏற்றிக்கொண்டு வெள்ளிமலைக்குப் போவேன். போன வாரம் மலைப் பெண்கள் கொடுத்த அளவு ஜாக்கெட்டும் துணியும் இந்த வாரம் தைத்த ஜாக்கெட்டாகத் திரும்பிப் போகும். எல்லாம் நீ இருந்தபோது நடந்தது போலத்தான். இடது சீட் மட்டும் காலி. முதலில் அதில் மூட்டையை வைத்தேன், பிறகு மனம் கேட்காமல் எடுத்துவிட்டேன்.

ஆனால் வண்டி மெல்ல மெல்லப் படுக்க ஆரம்பித்தது. போன வருடம் மூன்றாம் கியரில் ஏறிய இடத்தை இரண்டாம் கியரில் ஏறியது. பிறகு அதற்கும் முதல் கியர் கேட்டது. பின்னால் கறுப்புப் புகை. வயசாகிவிட்டது, நமக்கும்தான் ஆகவில்லையா என்று விட்டுவிட்டேன். இரண்டு மாதத்துக்கு முன்னால், கொண்டை ஊசி வளைவில், முழு லோடுடன் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் பஸ் விடாமல் ஹாரன் அடிக்கிறது. ஓரம் கட்டி, மேலே போன ஒரு ஜீப்பில் செல்வியின் ஜாக்கெட் மூட்டையை மட்டும் ஏற்றி அனுப்பினேன். அது எந்த வீட்டுக்கோ போய், எங்கெங்கோ சுற்றி, சேர வேண்டிய இடத்துக்கு இரண்டு நாள் கழித்துச் சேர்ந்தது. அதில் ஒரு கல்யாண வீட்டு ஜாக்கெட்டும் இருந்தது, அதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது. பெண்ணின் அம்மா பழைய ஜாக்கெட்டோடு மேடையில் நின்றிருக்கிறார். அடுத்த வாரம் பார்த்தபோது அந்த அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்கு அதுதான் அவமானமாக இருந்தது.

"வண்டிய குடுத்துட்டு கடையில உக்காருங்க அத்தா, மலை போதும்" என்று ரஃபீக் போனில் சொன்னான். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், மடையன். பின்னால் மெஷின் சத்தம் நின்றது. செல்வி தைப்பதில் முக்கால்வாசி மலைத் துணி என்பது உனக்குத் தெரியும். கள்ளக்குறிச்சியில் தெருவுக்கு நாலு டெய்லர். மலை நின்றால் அவள் மெஷினும் நிற்கும். கொஞ்ச நேரத்தில் மெஷின் மறுபடி ஓடியது, ஆனால் மெதுவாக. அன்று நான்தான் ரஃபீக்கிடம் வேறு வழி பார் என்று கத்தினேன். வேறு வழிதான் இந்தப் பெட்டி.

வாங்கி வைத்தாயிற்று. மாட்டுவதா வேண்டாமா, மாட்டினால் நானே மாட்டுவதா என்பதில் இரண்டு வாரம் ஓடியது. உனக்குத்தான் தெரியுமே, நான் ஓட்டுவேன், திறக்க மாட்டேன். நீ இதற்கு நேர் எதிர். கடைசி வரை வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை, ஆனால் பானட்டைத் திறப்பதற்கு உன்னை விட்டால் ஆள் கிடையாது. சர்வீசுக்குப் போனால் நான் டீக்கடையில் உட்காருவேன், நீ மெக்கானிக்கின் தோளுக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டு நிற்பாய். தையல் மெஷினுக்கு நீயே மோட்டார் மாட்டினாயே, நினைவிருக்கிறதா? பெல்ட்டை இழுத்துக் கட்டிவிட்டு மிதித்ததும் மெஷின் பேய் பிடித்த மாதிரி ஓடி, ஜாக்கெட்டின் கைத்துணியைக் கழுத்துப் பட்டியோடு சேர்த்துத் தைத்துவிட்டது. ஒரு வாரம் உன்னைக் கேலி செய்தேன். "மாட்டுனது தப்பு பாய். தொறந்தது தப்பில்ல" என்று முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாய்.

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். பெட்டியைப் பற்றிச் சொன்னதும் சிரித்தார். "மாட்டுனா இழுக்கும் பாய், நான் இல்லன்னு சொல்லல. ஆனா உங்க கிளட்ச்சு பழசு. இன்னும் ஜாஸ்தி இழுத்தா அது காலியாயிடும். புகை டெஸ்ட்ல நிக்குமான்னு தெரியாது. எங்கனா இடிச்சிக்கினா இன்சூரன்ஸ்காரன் இத பாத்துட்டு கேள்வி கேப்பான்." பிறகு, "ஜாஸ்தி பண்றது அப்புறம் பாக்கலாம். இருந்தது ஏன் கம்மியாச்சு, அத பாத்தீங்களா?" என்றார். பார்க்கவில்லை. ஒன்றரை வருடமாக ஆயிலை மாற்றினேன், டயரை மாற்றினேன், அதற்குமேல் எதையும் பார்க்கவில்லை. வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். அந்த வாரம் அவர் வீட்டில் விசேஷம், வியாழன் கழித்துத்தான் முடியும் என்றார். வியாழனுக்கு ஏற்ற வேண்டிய மூட்டை கடையில் கட்டித் தயாராக இருந்தது.

புதன்கிழமை மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்தேன். கடையில் ஆள் இல்லை. ரஃபீக் கொடுத்த காகிதத்தை எடுத்துக்கொண்டு வாசலில் நின்ற வண்டியின் பானட்டைத் திறந்தேன். திறக்கிற கொக்கியைத் தேடவே ஐந்து நிமிடம் ஆனது, சிரிக்காதே. சென்சாருக்குக் கை எட்ட வேண்டுமானால் முதலில் ஏர் ஃபில்டர் டப்பாவை எடுக்க வேண்டும் என்று படம் போட்டிருந்தது. கை எட்டுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவோம் என்றுதான் இருந்தேன். கிளிப்புகளைத் தட்டி மூடியைத் தூக்கினேன்.

உள்ளே ஃபில்டரைக் காணோம். ஒரு செம்மண் கட்டிதான் இருந்தது. தொட்டேன், துணி. விரலால் சுரண்டினால் ஓரத்தில் தையல். பயந்துபோய்ச் செல்வியைக் கூப்பிட்டேன்.

அவள் வந்து எட்டிப் பார்த்தாள். கையை விட்டு வெளியே எடுத்தாள். ஃபில்டருக்கு நாலு பக்கமும் இறுக்கிப் பிடித்த மாதிரி உறை, ஓரத்தில் நாடா, மூலையில் மடித்துத் தைத்த பட்டி. உதறினால் தெருவே சிவந்துவிடும் போலிருந்தது.

"ஐயோ, இது அவரு தையலுங்கண்ணா!" என்றாள்.

"இன்னா சொல்ற?"

"லைனிங் துணி. மூலைய இப்பிடி மடிச்சு அவரு ஒருத்தருதான் தைப்பாரு." அந்த மூலையை விரலால் நீவிப் பார்த்தாள். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். "மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கெழம இத தொவச்சு கொடில போடுவாருண்ணா. இன்னாய்யா துணி இதுன்னு கேட்டா, பாய் வண்டியோட ஜாக்கெட்டும்பாரு. அது இன்னாத்துக்கு, யாருக்குன்னு நான் கேக்கவே இல்ல. என்னிய கிண்டல் பண்றாருன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

மச்சான், எனக்கு அப்போதுதான் புரிந்தது. மலைப் பாதையை அகலம் செய்த வருடம், புழுதி தாங்காமல் ஜாக்கெட் மூட்டைக்கெல்லாம் உறை தைத்தாயே, அப்போது இஞ்சினுக்கும் ஒன்று தைத்திருக்கிறாய். டெய்லர் மூளை டெய்லர் மாதிரிதானே யோசிக்கும். புழுதியா, போர்த்திவிடு. இஞ்சினுக்கு மூச்சு வேண்டும் என்று ஃபில்டரை ஓட்டை ஓட்டையாகச் செய்து வைத்தவனைவிட நீ புத்திசாலி! அடைக்கும் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாதாமாதம் கழற்றித் துவைத்திருக்க மாட்டாய். என்னிடம் சொல்லாமல், நான் டீ குடிக்கும் நேரத்தில் கழற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்து, மறுநாள் மாட்டியிருக்கிறாய். நீ போன பிறகு அதைத் துவைக்க ஆள் இல்லை. வண்டிக்கு வயசாகவில்லை, மூச்சு முட்டியிருக்கிறது.

அங்கேயே, வாசலில் நின்றபடி நான் அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேன். நீ போன அன்றுகூட ஆள் கூட்டத்தில் அப்படி அழவில்லை. செல்வி சிரித்துக்கொண்டே அழுதாள், பிறகு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "புது ஃபில்டரு வாங்கியாங்கண்ணா, நாளைக்கி வியாழக்கெழம" என்றாள்.

வாங்கிவந்தேன். மாட்டியது நான்தான், என் கையால்தான். இரண்டு முறை தலைகீழாக வைத்து, மூன்றாவது முறை சரியாக உட்கார்ந்தது. பெட்டியைத் தொடவே இல்லை. மெக்கானிக்குக்கு விஷயத்தைச் சொன்னபோது, "ஃபில்டருக்கு ஜாக்கெட்டா?" என்று போனிலேயே இருமும் அளவுக்குச் சிரித்தார். சர்வீசுக்கு வரும்போதெல்லாம் நீ முன்பே கழற்றி ஒளித்திருப்பாய், அவர் கண்ணில் அது பட்டதே இல்லையாம். இனி யாரும் தைத்துப் போட வேண்டாம், காலாகாலத்தில் ஃபில்டரை மாற்றினால் போதும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அது உனக்குத்தான், கேட்டுக்கொள்.

மறுநாள் முழு லோடு. கிளம்பும்போது செல்வி கடைச் சாவியை என் அண்ணன் மகளிடம் கொடுத்துவிட்டு வந்து இடது பக்கக் கதவைத் திறந்தாள். "நானும் வரேண்ணா. நடுவுல நின்னுட்டா இந்த வாட்டி மூட்டைய நானே தூக்கிக்கினு போறேன்" என்றாள். அந்தச் சீட்டில் உன்னைத் தவிர வேறு ஆள் உட்கார்ந்தால் தாங்க மாட்டேன் என்றுதான் ஒன்றரை வருடமாக நினைத்திருந்தேன். அவள் உட்கார்ந்தாள், முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தாள், வடக்கனந்தல் தாண்டும் வரை பேசிக்கொண்டே வந்தாள். தாங்க முடிந்தது, மச்சான். நன்றாகவே இருந்தது.

வண்டி ஏறியது. புகை இல்லை. முன்பு நின்றுபோன வளைவில் செல்வி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கினாள். அதைத் தாண்டியதும், "பொட்டிய மாட்டிட்டீங்களா?" என்று சந்தேகமாகக் கேட்டாள். இல்லை என்றேன். நம்பவில்லை.

வெள்ளிமலையில் எனக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. தைக்கிற பொம்பளையே வந்திருக்கிறாள் என்றதும், அந்தப் பெண்கள் அளவு ஜாக்கெட்டை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு வீட்டுக்குள் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். டேப்போடு போனவள் ஒன்றரை மணி நேரம் வெளியே வரவில்லை. உள்ளே சிரிப்பும் சத்தமும். இத்தனை வருடமாக அக்குள் பிடிக்கிறது, முதுகு தூக்குகிறது என்பதையெல்லாம் ஆம்பளைகளான நம்மிடம் சொல்லாமலே போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள் பாவம். அந்தக் கல்யாண வீட்டு அம்மாவும் வந்திருந்தார். அவருக்குச் செல்வி முதலில் தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். இனி ஒவ்வொரு வியாழனும் தானும் வருவதாக எனக்கும் அங்கேயே அறிவித்துவிட்டாள்.

பெட்டியை ரஃபீக்குக்கே திருப்பி அனுப்பப் போகிறேன். அவனுக்கு வருத்தம்தான். "அப்ப வண்டி நல்லாத்தான் இருந்துதா?" என்றான். நல்லாத்தான் இருந்தது என்றேன். முழுக்கதையையும் போனில் சொல்ல எனக்கு வரவில்லை, நேரில் வரட்டும்.

நீ தைத்த ஜாக்கெட்டைச் செல்வி துவைத்துத் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள். கேட்டேன், தரவில்லை. போகட்டும், எனக்கு வேறு ஒன்று கிடைத்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை மூடிய கடையின் வாசலில் வண்டியை நிறுத்தி, பானட்டைத் திறந்து, ஃபில்டரை எடுத்துத் தட்டி, தண்ணீர் பார்த்து, ஆயில் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்க் கடைக்காரர் பதறிப்போய் வந்தார்.

"இன்னா பாய், வண்டிக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல" என்றேன். "சும்மா பாக்கறேன்."

அவர் நம்பாமல் போனார். ஒன்றும் ஆகாத வண்டியை எதற்குத் திறக்கிறான் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். நீ உயிரோடு இருந்தவரை எனக்கும் அது தெரியாது.