பால் பொங்கிய பக்கம்

டப்ளின்,
ஆகஸ்ட் 2001

அன்புத் தங்கைக்கு,

உன் கிருகப்பிரவேச போட்டோக்கள் வந்தன. உங்கள் ஊர் பேர்லேண்ட் வெயிலில் உன் சொந்த வீடு நன்றாகவே மின்னுகிறது.

"அக்கா கையால பால் காய்ச்சினாத்தான் வீடு விளங்கும், டிக்கெட் நாங்க அனுப்பறோம்" என்று போனில் சொன்னாய். ஓவியாவுக்கு ஸ்கூல் திறக்கிறது என்று சாக்குச் சொன்னேன். நீ எடுத்துத் தரும் டிக்கெட்டில் வந்து உன் அடுப்பைப் பற்றவைக்க எனக்கு மனம் வரவில்லை. போட்டோவில் என் இடத்தில் உன் நாத்தனார் நிற்கிறாள். அவள் புடவை சகிக்கவில்லை.

ஓவியா அப்பாவின் கம்பெனி திவாலானது உனக்குத் தெரியும். தெரிந்தும் நீ கேட்கவில்லை. அந்தப் பெருந்தன்மைகூட எனக்கு எரிகிறது.

நேற்று அபார்ட்மெண்ட் மேனேஜர் ஒரு இளம் ஜோடியைக் கூட்டிவந்து எங்கள் வீட்டைச் சுற்றிக் காட்டினாள். நாங்கள் இன்னும் காலி செய்யவே இல்லை. நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் என் ஜன்னலுக்கு என்ன திரை போடலாம் என்று புருஷனைக் கேட்டாள்.

"அம்மா, ஆர் வி மூவிங்?" என்றாள் ஓவியா.

"சும்மா பார்க்க வந்திருக்காங்க" என்றேன். கடுகு கருகிவிட்டது.

உன் வீட்டில் பால் எந்தப் பக்கம் பொங்கியது என்று எழுதாதே. கிழக்கேதான் பொங்கியிருக்கும். உனக்கு எல்லாமே அப்படித்தான்.

மாடியில் ஒரு அறை சும்மா கிடக்கிறது என்று ஒவ்வொரு போனிலும் சொல்கிறாய். நானும் ஒவ்வொரு முறையும் பேச்சை மாற்றினேன். அதற்குக் கட்டில் எதுவும் வாங்கிவிடாதே. எங்களிடம் இருக்கிறது.

உன் அக்கா