துவைக்காத சட்டை

இன்றைக்குக் காலையில் துவைக்கப் போடலாம் என்று எங்க வூட்டுக்காரர் சட்டையைக் கையில் எடுத்தேன். வேர்வை வாசம் குப்பென்று வந்தது, கூடவே உன் ஞாபகமும் வந்துவிட்டது. புருஷன் வேர்வையை மோந்து சிநேகிதியை நினைக்கிறவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நீ இருந்திருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாய். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

எண்பதுகளில் அரூரில் நமக்கு அடுத்தடுத்த வூடு. நீ பொம்பளைங்களுக்கு மட்டும்தான் தைப்பாய். ஆம்பளைங்க எதிரே வரமாட்டாய். எங்க வூட்டுக்காரர் செருமுகிற சத்தம் கேட்டாலே கதவுக்குப் பின்னால் போய்விடுவாய். மூணு வருஷத்தில் அவர் முகத்தை நீ ஒருநாளும் பார்த்ததில்லை. உன் மெஷினில் பாவாடையும் தலையணை உறையும் தைத்துப் பழகியிருந்த எனக்கு, அவருக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுக்கும் ஆசை வந்தது. நீ வெட்டிக் கொடுத்தால் போதும், நான் தைத்துக்கொள்கிறேன் என்றேன்.

காரணத்தை உன்னிடம் சொல்லவில்லை. சின்ன வயசில் புளியமரத்திலிருந்து விழுந்து அவருக்கு இடது தோள் இறங்கிப்போயிருந்தது. எந்தச் சட்டை போட்டாலும் ஒரு பக்கம் தொங்கும். அதை மறைக்க எந்நேரமும் தோளில் ஒரு துண்டு. கம்பைநல்லூரில் அவர் தங்கச்சிக்குக் கல்யாணம் வந்தது. அண்ணனாக மேடையில் நிற்க வேண்டிய மனுஷன், "நான் பந்தியப் பாத்துக்கறேன்" என்று முன்னமே ஒதுங்கிக்கொண்டார். அவரை மேடை ஏற்றிவிட வேண்டும் என்று எனக்கு ஒரே வைராக்கியம். டேப்பை எடுத்துக்கொண்டு போனால், "என்னா, பாடைக்கா அளக்குற?" என்று எகிறினார். நல்ல தோளை மட்டும் எப்படியோ அளந்து, ரெண்டுக்கும் அதையே உன்னிடம் சொன்னேன். புருஷனைக் கோணல் என்று சொல்ல வாய் வரவில்லை. நேராகத் தைத்த சட்டை அவரையும் நேராகக் காட்டிவிடும் என்று நம்பினேன், மக்கு!

"ரெண்டு தோளும் ஒன்னாவா இருக்குது?" என்றாய்.

"ஆமா."

"அண்ணனோட பழைய சட்டை ஒன்னு கொண்டா புள்ள."

துவைத்து இஸ்திரி போட்டுப் பெருமையாகக் கொண்டுவந்தேன். நீ கையில்கூட வாங்கவில்லை. "துவைச்சத வெச்சுகிட்டு நான் என்னா பண்றது? நாள் முச்சூடும் போட்டுக் கழட்டுனதக் கொண்டா." வெட்கம் பிடுங்கித் தின்ன, மறுநாள் அழுக்குச் சட்டையை முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்தேன். நீ அதை ஆணியில் மாட்டினாய். சுருக்கம் விழுந்த இடம், வேர்வை கோடு கட்டிய இடம், காலர் தேய்ந்த பக்கம் என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தாய்.

நீ வெட்டிக் கொடுத்ததைத் தைக்க உட்கார்ந்தேன். இடது பக்கம் தோள் ஒரு விரல்கடை இறக்கமாக இருந்தது.

"அடிப்பாவி, டெரிகாட்டன் துணியக் கெடுத்துட்டியே!"

"கத்தாம தை. நீ மறைச்சிட்டா சட்டைக்குத் தெரியாதா? அண்ணனுக்கு எடது தோளு எறக்கம்."

கூடவே வாழ்ந்த நான் பார்க்கக் கூசினதை, அந்த ஆளைப் பார்க்காமலே நீ பார்த்துவிட்டாய். மெஷின் மேலேயே தலை கவிழ்ந்து அழுதேன். "அழுவாத, துணியில கறை புடிச்சிரும்" என்றாய்.

கல்யாணத்தன்று காலையில் சட்டையைக் கொடுத்தேன். வேண்டாவெறுப்பாகத்தான் போட்டார். பட்டன் போட்டதும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். எங்கேயும் இழுக்கவில்லை, எங்கேயும் தொங்கவில்லை. துண்டை எடுக்கப் போன அவர் கை பாதியில் நின்றது.

"யாரு வெட்டுனது?"

"பக்கத்து வூட்டுல."

"அந்தம்மா என்னப் பாத்ததே இல்லியே!"

துண்டை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினார். மேடையில் தங்கச்சி பக்கத்தில் அண்ணனாக நின்றார். நான் கூட்டத்தோடு நின்று, மாப்பிள்ளையையும் பெண்ணையும் விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்குத் திரும்பியதும் டேப்பை எடுத்துக்கொண்டு, "ரெண்டு தோளையும் காட்டுங்க" என்றேன். மறுபேச்சில்லாமல் காட்டினார். அன்றிலிருந்து யாருக்குத் தைத்தாலும் ரெண்டு தோளையும் தனித்தனியாகத்தான் அளக்கிறேன். மகனுக்கு அளந்தேன், மருமகனுக்கு அளந்தேன், ஊரில் பாதிப் பேருக்கு அளந்துவிட்டேன். ரெண்டும் ஒன்றாக இருக்கிற ஆளை இதுவரைக்கும் நான் பார்க்கவில்லை, புள்ள.