மூன்று சொல் வசனத்தின் புதிய உரிமையாளர்

மாமா,

இதனால் சகலருக்கும், முக்கியமாக உங்களுக்கு, அறிவிப்பது என்னவென்றால்: எங்கள் வீட்டு மாலை ஜெபத்தில் புழங்கிவரும் மூன்று சொல் வசனம், அதை இத்தனை காலம் அனுபவித்துவந்த தாங்கள் இப்போது வர இயலாத இடத்தில் இருப்பதால், நேற்று முதல் முழு உரிமையுடன் என்னைச் சேர்கிறது. அதோடு கூடத்தின் மேற்கு மூலையும், ஆடும் ஃபேன் திரும்பும்போது ஒரு நொடி அதிகமாக நின்று காற்று வீசும் அந்தப் பாய் ஓரமும் எனக்கே. ஆட்சேபணை உள்ளவர்கள் நேரில் வரவும்.

நேரில் வருவீர்களென்றால் எனக்கு ஆட்சேபணையே இல்லை.

இந்த அறிவிப்புக்குக் காரணம் உங்கள் தார்ப்பாய். நேற்று மத்தியானம், வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தபோதே, வத்தல்மலைப் பக்கமிருந்து ஒரு மழை சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டது. பறித்துக் கொட்டிய நீலம் மாங்காய் அத்தனையும் களத்தில் கிடந்தது. அப்பா போட்ட சத்தத்தில் பம்புசெட் ரூமுக்கு ஓடி, மூலையில் சுருட்டிக் கிடந்த தார்ப்பாயை இழுத்து வந்து உதறினேன். உதறியதும் உள்ளேயிருந்து நீங்கள் வந்தீர்கள். டீசல், போன வருஷம் நசுங்கிய நீலம் பழம், நீங்கள் மெல்லுகிற வாசனைப் பாக்கு. மூன்றும் கலந்த அந்த நெடிக்கு உங்கள் பெயரைத் தவிர வேறு பெயர் கிடையாது. தார்ப்பாயைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். மாங்காய் நனைந்தது. திட்டு விழுந்தது. அது விழுந்த இடங்களை இன்னும் தேய்த்துவிட்டுக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அங்கே பக்கத்தில் யாராவது எட்டிப் பார்த்துப் படித்தால் புரிய வேண்டுமே, அதற்காகக் கொஞ்சம்.

நாங்கள் எட்டுப் பிள்ளைகள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் பெற்றவர்களே கற்றுக்கொடுப்பது என்று அப்பாவும் அம்மாவும் கல்யாணத்துக்கு முன்பே பேசி முடிவு செய்தவர்கள். எட்டு என்பதைப் பேசி முடிவு செய்ததாகத் தெரியவில்லை. காலையில் தட்டில் கரண்டியால் அம்மா ஓர் அடி அடித்தால் ஸ்கூல் ஆரம்பம். அதிலிருந்து அடுத்த அடி வரை அம்மாவை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். பத்தாம் வகுப்பில் நான் ஒருவன்தான். ஆகவே முதல் ரேங்க் நானே, கடைசி ரேங்க்கும் நானே. வகுப்பில் பேசினால் வெளியே போகச் சொல்வார்கள். வெளியே போனால் அப்பா மண்வெட்டியோடு நிற்பார். உள்ளே இருப்பதே மேல்.

ஊர்க்காரர்கள் எந்த ஸ்கூல் என்பார்கள். வூட்டு ஸ்கூல் என்றால், அது தருமபுரியில் எந்தப் பக்கம் என்பார்கள். நீங்கள்தான் டீக்கடையில் ஒருவரிடம், “ஆஸ்டலோட இருக்கிற ஸ்கூலுங்க, புள்ளைங்க அங்கியே தங்கிக்குதுங்க, சாப்பாடும் அங்கியே” என்று முகம் மாறாமல் சொல்லிவிட்டு வந்தீர்கள். அடுத்த வாரம் அவர் தன் பையனை இழுத்துக்கொண்டு அட்மிஷன் கேட்டு வந்து நின்றார். அம்மா மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்த கையோடு எட்டிப் பார்க்க, “ஹெச்சம் இருக்காங்களாம்மா?” என்று கேட்டார். பாவம், தலைமை ஆசிரியையிடமே கேட்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

ஜூன் பிறந்து ஊர்ப் பிள்ளைகள் புதுப் பை, புது ஷூவோடு பஸ் ஏறும்போதுதான் எங்களுக்கு லீவு தொடங்கும். மற்ற மாங்காயெல்லாம் முடிந்து நீலம் இறங்குவது அப்போதுதான். லீவு என்பது மரியாதைக்குச் சொல்வது. பெரியவர்கள் வலைத் தொரட்டி பிடித்துப் பறிக்க, நடுத்தரங்கள் சுமக்க, பொடிசுகள் தரம் பிரிக்கும். நல்லது மண்டிக்கு, அடிபட்டது ஜூஸ் பேக்டரிக்கு. அப்பா இதைச் செய்முறைப் பாடம் என்பார். செய்கிறவர்கள் நாங்கள், முறைக்கிறவர் அவர் என்ற வகையில் சரிதான்.

அந்த இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் மாங்காய் ஏற்ற நீங்கள் வருவீர்கள். அம்மாவின் ஒரே தம்பி. பொம்மிடியில் ஒரு வாடகை ரூம், ஒரு குட்டி யானை வண்டி, கல்யாணம் வேண்டாம் என்ற பிடிவாதம், சபைப் பக்கம் தலை வைத்துப் படுக்காத பல வருஷம். இவ்வளவுதான் உங்கள் சொத்து. கடைசியாகச் சொன்னதுதான் அம்மாவுக்கு வருத்தம். அதைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே வண்டியைத் திருப்பிவிடுவேன் என்று நீங்கள் அம்மாவிடம் சொல்லி, அம்மாவும் வாயை மூடிக்கொண்டதாகக் கிரேஸ் அக்கா சொல்லியிருக்கிறாள். மூத்தவள் அவள், பழைய சண்டையெல்லாம் அவள் வசம்தான்.

ஆனால் மாலை ஜெபத்தில் உட்காராமல் எங்கள் வீட்டில் சோறு கிடையாது. அதில் ஆளுக்கொரு வசனம் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லக்கூடாது. சொல்லத் தெரியாதவர் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லார் தட்டையும் கழுவ வேண்டும். விருந்தாளிக்கும் விலக்கில்லை. உங்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, பைபிளிலேயே ரொம்பக் குட்டியான, ஆண்டவர் அழுததைச் சொல்லும் அந்த மூன்று சொல் வசனம். கிறிஸ்தவ வீட்டில் பிறந்த எந்தச் சோம்பேறிக்கும் தெரிந்தது அது. எனக்கும் அதுதான் பிடித்தம். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

சொல்லும் வரிசை மேற்கு மூலையில் ஆரம்பிக்கும். ஆகவே மூலை யாருக்கோ, வசனமும் அவருக்கே. நான் வெளிச்சம் இருக்கும்போதே போய் உட்கார்ந்துவிடுவேன். நீங்கள் வந்து, மாங்காய் மூட்டையைத் தூக்குவதுபோல் என்னைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி, “வெயிட்டு இல்ல, பேக்டரிக்குப் போடு” என்று இரண்டு ஆள் தள்ளி இறக்கி வைப்பீர்கள். அதற்குப் பழிவாங்கத்தான் போன வருஷம் எஸ்தர் பாப்பாவைத் தயார் செய்தேன்.

வீட்டின் எட்டாவது அவள், அப்போது மூன்று வயசு. ஜெபத்தில் எப்போதும் உங்கள் மடியில்தான் உட்காருவாள். மடியில் இருப்பவர் முதலில் சொல்லலாம் என்பது அப்பாவின் சலுகை. அன்றைக்கு நீங்கள் பெருமையாக அவள் தலையைத் தடவி, “பாப்பா எதுனா சொல்றியா?” என்றீர்கள். பாப்பா வாயைத் திறந்து, மூன்று சொல்லையும் மழலையில் பிசைந்து, கணீரென்று போட்டாள். வீடே கை தட்டியது. நீங்கள் மட்டும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையைச் சட்டம் போட்டு மாட்டலாம்.

அடுத்தது உங்கள் முறை. தொண்டையைச் செருமி, கண்ணை மூடி, பிரசங்கியார்கள் குரலில் சொன்னீர்கள்: “மலைப்பாதையிலே மெதுவாய் ஓட்டுகிறவன் பாக்கியவான், அவன் மாங்காய் நசுங்காமல் வீடு போய்ச் சேருவான்.”

அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அப்பாதான், சிரிப்பு என்பதைச் சனிக்கிழமை சாயந்திரத்துக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிற மனுஷன், நிஜமாகவே யோசித்து, “இது எந்த அதிகாரத்துல வருது மச்சான்?” என்றார்.

“தொப்பூர் கணவாய் தாண்டுனதும் வருதுங்க மாமா.”

அதற்குமேல் கிரேஸ் அக்காவால் முடியவில்லை. பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள். அப்பாவுக்கும் புரிந்து, உதடு ஒரு பக்கம் கோணியது. அன்று செவ்வாய்க்கிழமை. ஆனாலும் அம்மா சட்டம் சட்டம்தான் என்று உங்களுக்குத் தட்டு என்றார். நான் எக்காளமாக எழுந்தபோது எஸ்தர், யாரும் கேட்காமலே, “தானியேலு அண்ணந்தான் சொல்லிக் குடுத்துச்சி. முட்டாயி குடுத்துச்சி” என்றாள். எனக்கும் தட்டு.

கிணற்றடிக் குழாயில் இரண்டு பேரும் குந்தினோம். பத்துக்கு மேல் தட்டு, குண்டான் வேறு. நீங்கள் தேய்க்க நான் அலசினேன். பிறகு, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்.

“அந்த மூணு வார்த்தையாலதான் மாப்ள எங்கக்கா வூட்ல உக்காந்து சோறு திங்கறன். கோயிலுக்கு வரல, ஜெபம் பண்ணல. அது ஒண்ணுதான் கைல இருக்குது. அதையும் புடுங்கிக்காத.”

அதனால் ஒப்பந்தம் பேசினேன். ஒற்றைப்படைத் தேதிகளில் வசனம் உங்களுக்கு, இரட்டைப்படையில் எனக்கு. இந்த மாவட்டத்து வழியாகத்தான் காவிரி வருகிறது. அதுகூட இவ்வளவு சமாதானமாகப் பங்கு பிரிக்கப்பட்டதில்லை. ஈரக் கையோடு கை குலுக்கினோம். முப்பதுக்கு மேலும் ஒரு நாள் வரும் மாதம் முடிந்தால் ஒற்றைப்படை இரண்டு அடுத்தடுத்து உங்களுக்கே விழும் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. முதல் ரேங்க்குக்கே நாமம்.

என் நாள்களில் நீங்கள் செய்த ஏற்பாடு அதைவிடப் பிரமாதம். ஜெபத்துக்குப் பாய் விரிக்கும் நேரத்தில் வண்டியில் ஏதாவது பழுதாகிவிடும். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வண்டிக்கடியில் போய்விடுவீர்கள். ஆமென் கேட்டதும் பழுது சரியாகிவிடும். உங்கள் நாளில் நான் வேறு வசனம் தேட வேண்டியதாகி, அந்த நீலம் சீசன் முடிவதற்குள் எனக்கு ஒரு கூடை வசனம் சேர்ந்துவிட்டது. அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். வண்டியைப் பற்றி மட்டும் அம்மா ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தை மாசம் பொம்மிடியிலிருந்து போன் வந்தது. நெஞ்சு வலி என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். உங்கள் அடக்கத்தில் நான் அழவில்லை, தெரியுமா? நாற்காலி இறக்கினேன், டீ கொடுத்தேன், அழுகிற பெரியவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். பையன் திடமா இருக்கான் என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். நானும் ஆமாம் என்றுதான் நினைத்தேன்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் யாருமே அந்த வசனத்தைச் சொல்லவில்லை. பேசி வைத்ததல்ல. எட்டுப் பேரும் அதைச் சுற்றிக்கொண்டு போனோம், வாசலில் படுத்திருக்கிற நாயைத் தாண்டாமல் போவதுபோல. மேற்கு மூலையும் காலியாகவே கிடந்தது. ஃபேன் மட்டும் பழக்க தோஷத்தில் அங்கே போய் நின்று வீசிவிட்டு வரும்.

இந்த வருஷம் மாங்காய்க்கு வேறு வண்டி வருகிறது. டிரைவர் நல்லவர், சொன்ன நேரத்துக்கு வந்துவிடுகிறார், ஹாரனைத் தேவைக்கு மட்டும் அடிக்கிறார். எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. நேற்று தார்ப்பாயை உதறித் திட்டு வாங்கிய கோபத்தில்தான் ஒரு முடிவுக்கு வந்தேன். எத்தனை நாளைக்கு நல்ல வசனத்தைச் சும்மா போட்டு வைப்பது? சாயந்திரம் போய் மேற்கு மூலையில் உட்கார்ந்தேன். எல்லாரும் பார்த்தார்கள். எஸ்தர் என்ன நினைத்தாளோ, நேரே வந்து என் மடியில் ஏறிக்கொண்டாள். அப்பா ஆரம்பி என்பதுபோல் தலையாட்டினார்.

மேலே போட்ட அறிவிப்பை இந்த இடத்தில்தான் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது.

முதல் சொல்லைச் சொல்லிவிட்டேன், மாமா. சத்தமாகவே சொன்னேன். இரண்டாவது சொல், அந்தக் கண்ணிலிருந்து வருவது, அது வர மாட்டேன் என்றது. ஃபேன் திரும்பி வந்து என் முன்னால் நின்று, போய், மறுபடியும் வந்தது. மடியில் இருந்தவள் அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தாள். இவனுக்கு மறந்துபோச்சு என்று முடிவு செய்து, மீதி இரண்டு சொல்லையும் அவளே முடித்துவைத்தாள். நல்ல வேளை, முட்டாய் கேட்கவில்லை.

அப்பா மெதுவாக, “வேற எதுனா சொல்றியாடா?” என்று கேட்டார். ஒரு கூடை வசனம் தெரிந்தவன் நான். ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை. இல்லை என்று தலையை ஆட்டினேன்.

தட்டு.

குழாயடியில் குந்தி, திறந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சோப்பு நுரை கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லியிருப்பேன். இன்னும் சோப்பையே எடுத்திருக்கவில்லை. அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, நாரை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். இரண்டு தட்டு முடிந்ததும் கேட்டார்.

“இன்னிக்கி தேதி என்னடா?”

சொன்னேன்.

“ஒத்தப்படை. அவன் நாளு. நீ எப்பிடிச் சொல்லுவ?”

எனக்குக் கையிலிருந்த தட்டு நழுவியது. நம் ஒப்பந்தம் அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அம்மாவே சொன்னார்.

“ஒரு நாளு வுட்டு ஒரு நாளு ரிப்பேராவுற வண்டி எந்தூர்லடா இருக்குது? பாவிப் பையன். அக்காவுக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினே பூட்டான்.”

அப்புறம் ரொம்ப நேரம் தேய்த்தார், ஏற்கனவே தேய்த்த தட்டையே.

ஆகவே மேற்படி அறிவிப்பு இத்துடன் ரத்து. வசனம் எனக்குச் சேரவில்லை. அடக்கத்தில் அழவில்லை என்று பீற்றிக்கொண்டதையும், பாக்கி வைத்திருந்தேன் என்று திருத்திப் படித்துக்கொள்ளவும். தார்ப்பாயைக் காயப்போடச் சொன்னார்கள். உதறாமல் அப்படியே சுருட்டி வைத்துவிட்டேன்.

இன்று இரட்டைப்படை. ஒப்பந்தப்படி என் நாள். ஆனாலும் முன்னெச்சரிக்கையாகக் காலையிலிருந்து வேறொன்றை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். நீளமானது. அழுகைக்கு இடமே இல்லாததாகப் பார்த்து எடுத்திருக்கிறேன்: யாருக்கு யார் பிறந்தார் என்று பெயர்களாகவே அடுக்கிக்கொண்டு போகும் வம்ச வரலாறு. அப்பா பெயர், மகன் பெயர், அந்த மகனுக்கு மகன் பெயர் என்று போகிறது. நடுவில் மாமா என்று யாரும் வரவில்லை. இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

தானியேல்