மாளிகையின் மணிக்கயிறு

மூன்று மாடிகளின் மகாராணியான அம்மாவுக்கு,

நீங்கள் மேடத்திடம் கெஞ்சி அனுப்பிவைத்த பள்ளிச் சுற்றுலாவில், இன்று இங்கிலாந்துக் கிராமமொன்றில் முந்நூறு வருடப் பிரபு மாளிகையைப் பார்த்தோம். சுற்றிலும் புல்வெளி. பஹ்ரைனில் நாம் இருக்கும் ஈசா டவுனின் பச்சை முழுவதும் இங்குள்ள ஆடுகளுக்குக் காலைச் சாப்பாட்டுக்கே காணாது.

வரவேற்பறையில், வேலைக்காரரை அழைக்கும் பழைய மணிக்கயிறு தொங்கியது. தொட வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். உங்கள் பிள்ளை தொட்டதோடு நிற்கவில்லை, இழுத்தும் பார்த்தான்.

கீழே பார்வையாளர்களுக்குச் சமையலறையைச் சுற்றிக்காட்டும் வயதான பெண்மணி, முழங்காலைப் பிடித்தபடி மூச்சிரைக்க மேலே வந்தார். “யாருக்காவது சுகமில்லையா?” என்று கேட்டார். திட்டவில்லை.

“மச்சான், மணி அடிச்சதும் வேலைக்காரி ஓடி வந்திட்டாடா,” என்று என் வகுப்புத் தோழன் ரஜிதன் சிரித்தான். நீங்கள் ஆபீஸில் வேலை பார்ப்பதாகத்தான் அவனிடம் இதுவரை சொல்லியிருந்தேன், அம்மா.

“என்ர அம்மாவும் மேடம் வீட்டில இந்த வேலைதான்டா செய்யிறா. அதாலதான் நான் இங்க நிக்கிறன்,” என்றேன். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

அந்தப் பெண்மணியிடம் மன்னிப்புக் கேட்டு, கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போனேன். முப்பத்தெட்டுப் படிகள். மேடம் வீட்டு மூன்று மாடிக்கும் நீங்கள் ஏறி இறங்கும் படிகளை நான் ஒருநாளும் எண்ணியதில்லை.

வந்து எண்ணுகிறேன், உங்களோடு ஏறி.

நன்றியுடன்,
உங்கள் வாலில்லாக் குரங்கு