ஐந்தாம் கையெழுத்து

அக்கா,

நேற்றுத் தபால் கந்தோரில் யாரோ ஒரு பொதியை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அரக்கை விளக்கில் காட்டி உருக்கி, முடிச்சின் மேல் சொட்டவிட்டு முத்திரை குத்தினார்கள். அந்தக் கருகல் மணம் மூக்கில் ஏறியது. வாங்க வந்ததை வாங்காமலே வெளியே வந்து வெயிலில் நின்றேன். மன்னாரில் அந்தப் பிறக்கிராசியின் கந்தோரிலும் இதே மணம்தான். அங்கே நாம் இருவரும் வழக்குப் பேச ஆள் தேடிப் போன நாளும், அதற்குப் பிறகு நடந்தவையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது உங்களிடம் பேசாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

அத்தான் காய்ச்சலில் இறந்து எட்டாம் நாள் செபம் முடிந்தது. சனமெல்லாம் கலைந்த பிறகும் அத்தானின் தமையன் மட்டும் போகவில்லை. பேசாலையில் வள்ளங்கள் வைத்திருந்த சம்மாட்டி அவர். கோயிலிலும் அரசாங்கக் கச்சேரியிலும் அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. கதிரையை இழுத்து உங்களுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி மரணசாதனம் எழுதி வைச்சிட்டுத்தான் போயிருக்கிறான். தோட்டமும் வீடும் என்ர பேருக்கு. நீர் அவசரப்பட்டு எழும்பவேண்டாம். மாரி முடியுமட்டும் இரும்."

"அவர் என்னட்டச் சொல்லாம ஒண்டும் எழுதமாட்டார்" என்றீர்கள்.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடியும்போது அவர் பார்வை உங்களை விட்டு என் மேல் வந்து நின்றது. நான் முற்றத்தைப் பார்த்தேன்.

அடுத்த கிழமை, தோட்டத்தில் ஒரு தென்னம்பிள்ளையின் குருத்து வெட்டப்பட்டுக் கிடந்தது. மறுநாள் இரண்டு. அதற்கு மறுநாள் மூன்று. வேலி அப்படியே இருந்தது. நாய் ஒருமுறைகூடக் குரைக்கவில்லை. "அப்ப நாய்க்குத் தெரிஞ்ச ஆள்தான்" என்று நீங்கள் மெல்லச் சொன்னது நினைவிருக்கிறது. வெட்டிய குருத்துகளைக் கிணற்றடியில் குவித்து வைத்துவிட்டு என்னிடம் வந்தீர்கள்.

"தம்பி, ஒரு பிறக்கிராசியைப் பிடிக்கவேணும். நீ இங்கிலீசு படிச்சவன். என்னோட வா."

மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த தம்பி எப்படி மாட்டேன் என்பான்? "ஓம்" என்றேன். மாட்டுவண்டி மன்னார்ப் பட்டினத்துக்குப் போன அந்தக் காலை முழுவதும் நீங்கள் செபமாலையை உருட்டிக்கொண்டு வந்தீர்கள். நானும் செபித்தேன், அச்சு முறிய வேண்டும் என்று. பெருக்க மரத்தடியில் மாடு மிரண்டு நின்றபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. வண்டிக்காரர் அதட்டினார், மாடு மறுபடி நடந்தது.

பிறக்கிராசி வயதான மனிதர். உங்களை உட்காரச் சொல்லிவிட்டு, எதையும் எழுதாமல் முழுவதையும் கேட்டார்.

"அம்மா, மரணசாதனம் கொண்டுவந்தவர்தான் அது மெய்யெண்டு கோட்டில காட்டவேணும். நாங்கள் எதிர்த்து நிப்பம். அது தள்ளுபடியானால், சொத்தை நிர்வாகம் பண்ணுற அதிகாரத்தைக் கோட்டில கேட்டு உங்களுக்கே எடுக்கலாம். முதல்ல நான் அந்தத் தாளின்ர பிரதியைப் பாக்கவேணும்."

உங்களுக்காகப் பேசும் அதிகாரத்தை அவருக்குக் கொடுக்கும் தாளில் எழுத்துக் கூட்டிக் கையெழுத்து வைத்தீர்கள். எழுதுவினைஞர் ஒருவர் உறை ஒன்றுக்கு அரக்கு வைத்துக்கொண்டிருந்தார். நான் யன்னலோரம் நின்றேன்.

பத்து நாளில் மறுபடி போனோம். பிரதி மேசையில் விரித்திருந்தது.

"இது உறுதி எழுதுற நொத்தாரிசு எழுதினதில்லை" என்றார். "அப்பிடியெண்டால் ஐஞ்சு சாட்சி வேணும். ஐஞ்சு பேரும் ஒண்டா நிண்டு, உங்கட புருசன் கையெழுத்து வைக்கிறதைக் கண்ணால கண்டிருக்கவேணும்."

பெயர்களை வாசித்தார். முதல் நான்கும் சம்மாட்டியின் வள்ளத்து ஆட்கள். ஐந்தாவது என் பெயர்.

வெளியே காகங்கள் கத்திக்கொண்டிருந்தன. நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. "அந்தப் பேரில ஊரில நாலு பேர் இருக்கினம், ஐயா" என்றீர்கள். பிறக்கிராசி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். திரும்பி வரும்போது வழியெல்லாம், வீட்டிலிருந்து கொண்டுவந்த பணியாரத்தை எனக்கு எடுத்து எடுத்துத் தந்தீர்கள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வேன்? விசாரணைக்கு நாள் குறித்துக் கோட்டிலிருந்து அழைப்பு வந்தது. அதே கிழமை சம்மாட்டி பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். அவர்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு என் காதோடு பேசினார்.

"கையெழுத்து உன்ர. காணேல்லையெண்டு இப்ப சொன்னால் மறியற்சாலைக்குப் போறது நான் இல்லை, நீ. விளங்குதோ?"

விளங்கியது. தோட்டத்தில் குருத்து வெட்டுவதும் நிற்கவில்லை.

விசாரணைக்கு மூன்று நாள் இருக்கும்போது கிணற்றடியில் உங்களிடம் சொன்னேன். அத்தான் இறந்த அன்று, "அத்தான் உன்னைக் கேக்கிறார், உடன வா" என்று நீங்கள் ஆள் அனுப்பினீர்கள். வந்துகொண்டிருந்த என்னைச் சம்மாட்டி வழியில் மறித்து, ரோட்டோரம் இருந்த தன் மீன்வாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். எல்லை வேலிப் பிரச்சினைக்கு ஒரு மனு, ஐந்து பேர் கையெழுத்து வேண்டும் என்றார். தாள் மடித்திருந்தது; அத்தானின் பெயரும் நான்கு கையெழுத்துகளும் இருந்த அடிப்பக்கம் மட்டும்தான் தெரிந்தது. விரித்துப் பார்க்க ஒரு நொடி போதும். எனக்கு வாத்தியார் வேலை எடுத்துத் தந்தவர் அவர். விரித்தால் என்ன நினைப்பாரோ என்று நான் விரிக்கவில்லை. பிறகு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போ என்றார். அதையும் குடித்தேன். நான் வந்து சேர்ந்தபோது அத்தானின் மூச்சு அடங்கியிருந்தது.

நீங்கள் தோட்டத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அப்ப, நான் ஆளனுப்பினாப் பிறகுதான் அங்க நிண்டனீயோ?"

"ஓம்."

"அவர் உன்னைத்தான் கேட்டுக்கொண்டு கிடந்தவர். 'அவன் வந்திட்டானோ, வந்திட்டானோ' எண்டு. எனக்குச் சொல்லேலாதாம், உனக்குத்தான் சொல்லவேணுமாம்." வாளிக் கயிற்றைச் சுற்றி வைத்தீர்கள். "தோட்டத்தைக் கோட்டில தருவினம். அதை ஆர் தாறது?"

வாளியைத் தூக்கிக்கொண்டு, "கோட்டில உள்ளதைச் சொல்லு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டீர்கள்.

சொன்னேன். வள்ளத்து ஆட்களில் ஒருவர், அத்தான் கட்டிலில் படுத்தபடி கையெழுத்து வைத்தார் என்றார். இன்னொருவர் கதிரையில் இருந்தபடி என்றார். கடைசியில் என்னை ஏற்றினார்கள். பிறக்கிராசி ஒரே ஒரு கேள்வியைத்தான் அழுத்திக் கேட்டார்.

"நீர் கையெழுத்து வைக்கேக்க, இறந்தவரின்ர பேர் எழுதின மை காய்ஞ்சிருந்ததோ?"

"இல்லை. ஈரமாக இருந்தது."

"அந்த நேரம் அவர் எங்க?"

"இரண்டு கட்டை தூரத்துக்கு அப்பால், வீட்டில், சாகக் கிடந்தார்."

கோட்டில் மொழிபெயர்க்கும் முதலியார் அதை இங்கிலீசில் சொன்னபோது நீதிபதித் துரை பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நெடுநேரம் பார்த்தார். மரணசாதனம் தள்ளுபடியானது. நிர்வாக அதிகாரம் உங்களுக்குக் கிடைத்தது. என்னை மறியற்சாலைக்கு அனுப்பவில்லை. ஆனால் 'வாசிக்காமல் கையெழுத்து வைக்கும் வாத்தியார்' என்று துரை சொன்ன வார்த்தை, எனக்கு முன்பே பள்ளிக்கூடத்தை நடத்திய சுவாமியாரின் காதுக்குப் போய்விட்டது. அந்த மாதமே பள்ளிக்கூடத்தை விட்டு விலகினேன். தீர்ப்புக்குப் பிறகும் இரண்டு தென்னம்பிள்ளைகள் வெட்டுப்பட்டன. பிறகு நின்றது. வெட்டியது யாரென்று கடைசிவரை நமக்குத் தெரியவில்லை. பேசாலைப் பக்கமிருந்து யாராவது வாசலில் வந்து நின்றால், நீங்கள் முதலில் நாயைத்தான் பார்ப்பீர்கள்.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள என்னையே வைத்துக்கொண்டீர்கள். வெட்டுப்பட்ட இடங்களில் நாம் வைத்த பிள்ளைகள் காய்த்து, நீங்கள் நரைத்து, நானும் நரைத்தேன். ஒரு நாளாவது என்னைக் குத்திப் பேசினீர்களா? சோறு போடும்போது மீன் தலையை எனக்கே வைத்தீர்கள். கிணற்றடியில் கேட்டதை மட்டும் நீங்கள் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். நீங்கள் கேட்காததால், முப்பது வருடம் ஒரே மேசையில் அது நம்மோடு உட்கார்ந்து சாப்பிட்டது.

அத்தான் என்னிடம் என்ன சொல்ல நினைத்தார்? தமையன் செய்யப்போவதை அறிந்திருந்தாரா? உங்களைப் பார்த்துக்கொள் என்பது மட்டும்தானா? உங்களிடம் சொல்ல முடியாதது என்னவாக இருக்கும்? வயலுக்கு வரம்பு கட்டுவதுபோல ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு எல்லை போட்டுப் பார்க்கிறேன். எதுவும் நிற்கவில்லை.

நீங்கள் இப்போது அவரிடம் கேட்டுத் தெரிந்திருப்பீர்கள். நான் வரும்போது அதை எனக்குச் சொல்லவேண்டாம், அக்கா. அவரே சொல்லட்டும். வழியில் எங்கும் நிற்காமல் வருவேன்.

உங்கள் தம்பி